ஒற்றைக் கொம்பனின் கால்

நவம்பர் 11, செவ்வாய்

டிஸ்பென்சரி கதவுக்கு அடியில் சாக்கு திணித்தேன். அடிப்பலகை ஈரத்தில் உளுத்துப்போய் நாலு விரல் இடைவெளி விட்டிருக்கிறது. போன மழைக்கே எஸ்டேட் ஆசாரியிடம் சொன்னேன். "பாக்கலாம் கம்பவுண்டரே" என்றான். அவன் பார்க்கிற லட்சணம் ஊருக்கே தெரியும். சாக்கு இருந்தால் காற்று வராது. வெளிச்சமும் வராது. அது போதும்.

மாசாணம் செத்து இன்றைக்குப் பன்னிரண்டு நாள். தொழிலாளர் லைன் வீடுகளுக்குத் தண்ணீர் திறந்துவிடப் போன மனுஷன். காலை ஆறு மணி மூடுபனியில் இதே வாசலில் யானை அடித்துப் போட்டுவிட்டது. அந்த நேரத்தில் உள்ளே இருந்தவன் நான் ஒருவன்தான். அதனால் வருகிறவன் போகிறவன் எல்லாம் என்னையே கேட்கிறான். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

இன்று ரேஞ்சர் அன்வர்தீன் வந்தார், கூடவே வாட்சர் வெள்ளிங்கிரி. இந்த மலையில் ஒற்றைக் கொம்பன் இரண்டு உண்டு. ஒன்றுக்கு இடது கொம்பு மட்டும், இன்னொன்றுக்கு வலது மட்டும்.

"கடைசியா ஒரு தடவை கேட்டுக்கறேன் சார். எந்தக் கொம்பு?"

"இடது."

"யானைக்கு இடதா, பாக்கிற நமக்கு இடதா?"

"யானைக்குத்தான். ஜன்னல் வழியா நல்லா பார்த்தேன்."

"அன்னிக்கு விடியக்காலம் இடக்கொம்பன் கீழ சதுப்புல நின்ன மாதிரி தடம் இருந்துச்சுங்க" என்று வெள்ளிங்கிரி இழுத்தான். "மழையில கரைஞ்ச தடத்தை நம்பறதா, கண்ணால பார்த்த படிச்ச மனுஷனை நம்பறதா?" என்று ரேஞ்சர் கேட்டதும் வாயை மூடிக்கொண்டான். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

போகிறபோது பின்னறையில் நான் வரைந்துகொண்டிருக்கிற படத்தைப் பார்த்துவிட்டார் ரேஞ்சர். எட்டு வருஷமாகச் சுவரில் சாய்ந்து கிடக்கிற படம். ஒற்றைக் கொம்பன் நேருக்கு நேராக வந்து நிற்கிறான், இடது கொம்பு தெரிகிறது. முழங்காலுக்குக் கீழே வெறும் பென்சில் கோடு. என் மனைவி செலினுக்குப் பெயின்ட் கரைக்கிற டர்பன்டைன் நாற்றம் ஆகாது, அதனால் தினம் ஆறு மணிக்கே இங்கே வந்து ஒரு மணி நேரம் கிறுக்குவது என் பழக்கம். ரேஞ்சர் அசந்துபோனார். "இது அவனேதான் சார். எங்க கேமராவில பின்பக்கம்தான் விழுந்திருக்கு. முடிச்சுக் குடுங்க, போட்டோ எடுத்து லைன்ல எல்லாம் ஒட்டிடலாம்."

22-ஆம் தேதி முகாமிலிருந்து கும்கி யானைகள் வருகின்றன, இடக்கொம்பனைப் பிடித்துக் கொண்டுபோக. அதற்குள் முடிக்க வேண்டும். எட்டு வருஷத்தில் முடியாதது பத்து நாளில் முடியுமாம்.

நவம்பர் 12, புதன்

சைக்கிள் மணி ஒன்று வாங்கி வாசலில் கட்டினேன். அட்டையில் எழுதி ஒட்டியாயிற்று: கதவைத் தட்டாதீர்கள், மணியை அடிக்கவும்.

நவம்பர் 14, வெள்ளி

மாசாணத்தின் மனைவி கண்ணாத்தாள் பிரஷர் மாத்திரைக்கு வந்தாள். மணியை அடிக்கவில்லை, தட்டவும் இல்லை. நான் தற்செயலாகத் திறந்தபோது படியில் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"ஒண்ணு கேக்கணும் சார். அன்னிக்கு அவரு கூப்பிட்டாரா? சத்தம் கித்தம் போட்டாரா?"

"இல்லம்மா. கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. வலிகூடத் தெரிஞ்சிருக்காது."

தலையை ஆட்டிக்கொண்டு போனாள். ஆறுதலுக்குச் சொல்வதுதானே. ஆஸ்பத்திரியில் முப்பது வருஷமாக எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். பிரஷர் பார்த்து எழுதுகிறபோது நம்பரைத் தப்பாக எழுதி அடித்தேன். நல்லவேளை, அவள் கவனிக்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

கோயில் ஆராதனைக்குப் போகவில்லை. ஜலதோஷம் என்றேன். "உங்க ஜலதோஷம் ஞாயித்துக்கிழமை பாத்துத்தான் வரும்" என்று செலின் தனியாகப் போனாள். தனியாக என்றால், காவலோடு. இப்போதைக்கு வெடியும் டார்ச்சுமாக இரண்டு பேர் எஸ்டேட் பாதையில் நிற்கிறார்கள். பிள்ளைகள் காப்பகத்தில் செலினுக்கு வேலை, தினமும் காலை ஆறே முக்காலுக்கு இந்த வழியாகத்தான் நடந்து போகிறாள். யானையைப் பிடித்துவிட்டால் காவலை எடுத்துவிடுவார்களாம்.

காலையிலிருந்து படத்தின் முன்னால்தான். இதை ஆரம்பித்த கதை சிரிப்பாக இருக்கும். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் இதே வாசலில் ஒரு ஒற்றைக் கொம்பன் வந்து நின்றான். வெயில் பளிச்சென்று இருந்தது. ஜன்னல் வழியாகப் போனில் ஒரு போட்டோ எடுத்தேன். பொள்ளாச்சியில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, அதன்மேல் பட்டர் பேப்பர் வைத்துப் பென்சிலால் கோடு எடுத்தேன். செலின் ஜாக்கெட்டில் பூ வேலைக்கு டிசைன் இறக்குகிற மாதிரியே அந்தப் பேப்பரைக் கான்வாஸ் மேல் கவிழ்த்துப் போட்டு, ஸ்பூனால் தேய்த்து இறக்கினேன். "ஸ்பூனால வரைஞ்ச ஒரே ஆர்ட்டிஸ்ட் நீங்கதான்" என்று ஒரு வாரம் சிரித்தாள்.

கால்தான் அன்றைக்கு வரவில்லை. போட்டோவில் புல் மறைத்துவிட்டது. யானையின் கால் எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

நவம்பர் 17, திங்கள்

கால் வந்துவிட்டது. இன்று காலையில், ஒரே மூச்சில். எட்டு வருஷம் வராதது எங்கிருந்து வந்ததோ, கை தானாகப் போயிற்று. முன்னங்கால் நகங்கள், நகத்துக்கு நடுவில் செம்மண், ஒரு நகம் குறுக்கே வெடித்து அந்த வெடிப்பில் சிக்கிய தேயிலைச் சருகு. வரைந்து முடித்ததும் வாளியில் வாந்தி எடுத்தேன். டர்பன்டைன் நாற்றம் எனக்கும் ஆகாமல் போய்விட்டது போல.

நவம்பர் 18, செவ்வாய்

செலின் பூ வேலை நோட்டில் ஏதோ டிசைன் தேடப்போய், அந்தப் பழைய போட்டோவை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கே வந்துவிட்டாள். "இந்தாங்க, உங்க ஹீரோ." படத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"என்னங்க இது, தண்ணித் தொட்டி அந்தப் பக்கமா இருக்கு?"

"ஓவியம்னா அப்படித்தான். உனக்குப் புரியாது."

"கொம்புமா அப்படித்தான்?"

வாங்கிப் பார்த்தேன். போட்டோவில் யானைக்கு வலது கொம்பு. படத்தில் இடது. போட்டோவின் ஓரத்தில் டிஸ்பென்சரி போர்டு நேராகப் படிக்க வருகிறது, ஆக போட்டோ சரி. பட்டர் பேப்பரைக் கவிழ்த்துத் தேய்த்தால் எல்லாம் பக்கம் மாறித்தானே இறங்கும். பூவுக்கு எந்தப் பக்கமானால் என்ன, செலினுக்கு ஒருநாளும் வித்தியாசம் தெரிந்திருக்காது. எட்டு வருஷமாக இடமும் வலமும் மாறிய ஒரு யானையைத் தினம் காலையில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி, இதில் என்ன இருக்கிறது? அது எட்டு வருஷத்துக்கு முன் வந்த யானை. போன மாசம் வந்தது வேறாக இருக்கலாம். நான் இடது என்று சொன்னது அன்றைக்குப் பார்த்ததை வைத்து. படத்தை வைத்து இல்லை.

பார்த்ததை வைத்துத்தான்.

நவம்பர் 19, புதன்

வெள்ளிங்கிரி படத்தை எடுத்துப்போக வந்தான். பெயின்ட் காயவில்லை என்றேன். அவன் படத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தான். கொம்பைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தக் காலை எங்க சார் பாத்தீங்க?"

"கற்பனைதான்."

"இல்லீங்க. இந்த நகம் வெடிச்சது ஆடி மாசம். வலக்கொம்பன் மதகுக் கல்லுல உதைச்சு வெடிச்சுது. தடத்துல நாந்தான் மொதல்ல பாத்தேன். மேலிடத்துக்குச் சொல்லவே இல்ல." விரலால் கான்வாஸைத் தொடாமல் காட்டினான். "இடக்கொம்பனுக்கு நகம் எல்லாம் முழுசா இருக்குங்க. நீங்க இடக்கொம்பன் தலையில வலக்கொம்பன் காலை வச்சிருக்கீங்க."

நான் பெயின்ட் துணியை எடுத்து மடித்தேன்.

"இன்னொண்ணும் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஜன்னல்ல நின்னு பாத்தா யானை நகம் தெரியாதுங்க சார். தரையில படுத்திருந்தாத்தான் தெரியும்." எழுந்து கதவடியில் திணித்த சாக்கைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னான்: "கும்கி சனிக்கிழமை கிளம்புது. நான் சொன்னா எடுபடாது. அன்னிக்கே பாத்தீங்களே. நீங்கதான் சொல்லணும்."

அவன் போன பிறகு கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். பட்டப்பகல் பதினொரு மணிக்கு. மருந்து வாங்க வந்தவர்கள் மணியடித்து மணியடித்துத் திரும்பிப் போனார்கள்.

நவம்பர் 20, வியாழன்

எழுதித் தொலைக்கிறேன். வாயால் சொல்ல வராது. கையாவது சொல்லட்டும்.

நான் ஜன்னல் பக்கமே போகவில்லை. முதலில் பிளிறல் கேட்டது. அடுத்த நொடி நான் மருந்து மேசைக்கு அடியில் இருந்தேன். எப்படிப் போனேன் என்றே தெரியாது. மாசாணம் ஓடிவந்து கதவைத் தட்டினார். மேசைக்கும் தாழ்ப்பாளுக்கும் மூன்று எட்டு. அந்த மூன்று எட்டை நான் வைக்கவில்லை. அவர் தட்டத் தட்ட எண்ணிக்கொண்டிருந்தேன். ஏன் எண்ணினேன் என்று கேட்டால் தெரியாது, மாத்திரை எண்ணுகிற பழக்கம். எத்தனை என்பதை இங்கே எழுத மாட்டேன்.

தட்டுவது நின்றது. கதவடி இடைவெளியில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஒரு கால் வந்து நின்றது. நகம், செம்மண், வெடிப்பு, சருகு. அவ்வளவுதான் நான் பார்த்தது. கொம்பைப் பார்க்கவே இல்லை. பிறகு ரேஞ்சர் எந்தக் கொம்பு என்று கேட்டபோது, பார்க்கவில்லை என்று சொன்னால் ஏன் பார்க்கவில்லை என்று கேட்பார். கண்ணுக்குள் இருந்தது என் படம்தான். இடது என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு எளிதாக வந்தது.

சொன்னால் என்ன ஆகும்? வேலை போகலாம், இன்னும் ஒன்றரை வருஷம்தான் இருக்கிறது. ஊர் காறித் துப்பும். அதைக்கூடத் தாங்கலாம். வலிகூடத் தெரிஞ்சிருக்காது என்று கண்ணாத்தாளிடம் சொன்னேனே, அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்.

சொல்லாவிட்டால்? ஒரு பாவமும் அறியாத யானையைக் கூண்டில் போடுவார்கள். பிடித்தாயிற்று என்று காவலை எடுப்பார்கள். வலக்கொம்பன் பனிக்குள் நின்றுகொண்டிருப்பான். ஆறே முக்காலுக்கு செலின் வருவாள்.

நவம்பர் 21, வெள்ளி

விடிந்ததும் செலினிடம் சொன்னேன். காபி கலக்கிக்கொண்டிருந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன், அவள் பக்கம் திரும்பாமல், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. அவள் அடுப்பை அணைத்தாள்.

"அன்னிக்குத் தட்டினது நானா இருந்தா?"

திறந்திருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. அவள் கலக்கின காபியை எனக்குக் கொடுத்தாள். அவள் குடிக்கவில்லை. "போயி சொல்லிட்டு வாங்க" என்றாள். அதற்குமேல் இன்று என்னோடு பேசவில்லை.

ஈரம் காயாத படத்தை விரித்த குடை மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டு, ஜீப்பில் ரேஞ்ச் ஆபீசுக்குப் போனேன். ஆபீஸ் வாசலில் டீயும் கையுமாக ஏழெட்டுப் பேர். ரேஞ்சர் சிரித்துக்கொண்டே வந்து, "பிரமாதம் சார்" என்றார்.

"சார், இந்தப் படத்துல நான் பார்த்தது இந்தக் கால் மட்டும்தான்."

அவருக்குப் புரியவில்லை. கதவைச் சொன்னேன், இடைவெளியைச் சொன்னேன், மேசையைச் சொன்னேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. டீ குடித்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்கள். ரேஞ்சர் முகத்தில் சிரிப்பு போய் வெகுநேரம் ஆகியிருந்தது. "நாளைக்குக் காலையில கும்கி கிளம்புது. இவ்வளவு நாள் என்ன செஞ்சீங்க?" என்றார். பயந்துகொண்டிருந்தேன் சார் என்றேன்.

வெள்ளிங்கிரியைக் கூப்பிட்டார். வெள்ளிங்கிரி நகத்தைக் காட்டி, மதகைச் சொல்லி, சதுப்புத் தடத்தைச் சொன்னார். இந்தத் தடவை ரேஞ்சர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

நவம்பர் 22, சனி

இடக்கொம்பனைத் தேடிப் போகவில்லை. கும்கிகளை முகாமிலேயே நிறுத்திவிட்டார்கள். வலக்கொம்பனின் தடம் பார்க்க வெள்ளிங்கிரி நாலு பேரோடு போயிருக்கிறார். பாதைக் காவல் இரண்டு பேரிலிருந்து நாலு பேராயிற்று. எஸ்டேட் ஆபீசிலிருந்து எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது.

டிஸ்பென்சரிக்கு ஒருவர்கூட வரவில்லை. காய்ச்சல்காரர்கள்கூட அடுத்த எஸ்டேட்டுக்கு நடந்து போகிறார்களாம்.

நவம்பர் 23, ஞாயிறு

இடது கொம்பைக் கத்தியால் சுரண்டி எடுத்தேன். போட்டோவை முன்னால் வைத்து, இருக்க வேண்டிய பக்கத்தில் கொம்பு வரைந்தேன். தண்ணீர்த் தொட்டியையும் மாற்றினேன். எட்டு வருஷமும் பன்னிரண்டு நாளும் ஆயிற்று. ஓரத்தில் சின்னதாக, தேவஇரக்கம் என்று கையெழுத்துப் போட்டேன். படம் முடிந்தது. சந்தோஷமாக இருக்கும் என்று எட்டு வருஷமாக நினைத்திருந்தேன். பிரஷைக் கழுவி வைத்தேன்.

செலின் எட்டிப் பார்த்தாள். "தொட்டி சரியா இருக்கு" என்றாள். இரண்டு நாளில் அவள் பேசின முதல் பேச்சு.

நவம்பர் 24, திங்கள்

ஆறரை மணி. நல்ல பனி. கதவைத் தட்டினார்கள். மணி இருக்கிறது, அட்டை இருக்கிறது, அப்படியும் தட்டினார்கள். மேசையைத் திரும்பிப் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன், பார்த்தேன். பிறகு போய்த் திறந்தேன்.

கண்ணாத்தாள்.

உள்ளே வந்தாள். பின்னறைக் கதவு திறந்திருந்தது. படத்தின் முன்னால் போய் நின்றாள். "இதுதானா?" என்றாள். ஆமாம்மா என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்து நின்றேன்.

"எத்தன தடவ தட்டுனாரு?"

"ஏழு."

"பேசுனாரா?"

"கம்பவுண்டரே, நான்தான் மாசாணம்னு சொன்னார்."

"ஏழு" என்று தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். "நான் வெளிய போறேன். நீங்க தாப்பா போட்டுட்டு அன்னிக்கு எங்க இருந்தீங்களோ அங்க போயி இருங்க."

"எதுக்கும்மா?"

"இருங்க சார்."

தாழ்ப்பாள் போட்டேன். ஐம்பத்தாறு வயசில் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். சாக்கை அவள் காலால் தள்ளியிருப்பாள் போல, இடைவெளியில் வெளிச்சம் வந்தது, அதில் அவளுடைய செருப்பு தெரிந்தது. தட்டினாள். ஒன்று. எழுந்தேன், மேசை விளிம்பு தலையில் இடித்தது. இரண்டு. மூன்று எட்டு வைத்தேன். மூன்று. தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தேன்.

நாலாவது தட்டுக்குத் தூக்கின கையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இவ்வளவு நேரந்தான் ஆகுது" என்றாள்.

கையை இறக்கினாள். பிரஷர் மாத்திரை ஒரு வாரத்துக்கு எண்ணிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, பாதையில் காவல் நிற்கிற பக்கமாக நடந்து போனாள்.